சிபாப் மாஸ்க்: பட்டையை இறுக்குவதற்கு முன்னால் படிக்க

தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்று அனுப்புகிற சிபாப் மெஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் மூக்குத்தண்டில் ஒரு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. ராத்திரி காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், அரைத் தூக்கத்தில் பட்டையை ஒரு இழுப்பு இழுத்து இறுக்குவேன், கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும், புரண்டு படுத்ததும் இன்னொரு பக்கம் புஸ்ஸென்று கிளம்பும், அதையும் இறுக்குவேன். எட்டாம் நாள் காலையில் அந்தக் கோடு புண்ணாகியிருந்தது. அது ஆறுகிறவரை மாஸ்க்கை மூக்கில் வைக்க முடியவில்லை. ஆக சிகிச்சை நின்றது, குறட்டை திரும்பியது, வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். பிறகு பார்த்தால் எனக்குக் கொடுத்திருந்த குஷன், அதாவது மாஸ்க்கில் முகத்தைத் தொடுகிற மெத்தென்ற பகுதி, ஒரு சைஸ் பெரியது. அதை எவ்வளவு இறுக்கினாலும் சரியாக உட்காரப் போவதில்லை.

அந்த எட்டு நாளில் நான் செய்த தப்பைப் புதிதாக வருகிறவர்களில் பலரும் செய்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன்: கசிந்தால் இறுக்காதீர்கள், முதலில் தளர்த்துங்கள். ஏன் என்பது கீழே வரும்.

டாக்டர் உங்களுக்குத் தூக்கப் பரிசோதனை செய்து, ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லி, சிபாப் எழுதிக்கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். நோயைப் பற்றி நீட்டப் போவதில்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு ஆப்னியா என்று கணக்கில் எடுக்கிறார்கள். முழுதாக நிற்பது, அரைகுறையாகக் குறைவது இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 வரை வந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் தீவிரம். மெஷின் செய்வதெல்லாம் காற்றை ஒரு அழுத்தத்தோடு அனுப்பி அந்தப் பாதை மூடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பதுதான். அழுத்தத்தைத் தண்ணீர் சென்டிமீட்டர் கணக்கில் சொல்வார்கள், பெரும்பாலும் 4 முதல் 20-க்குள் இருக்கும்.

மெஷின் வாங்கும்போது எல்லாரும் மெஷினைப் பற்றியே கேட்கிறோம். அது மேஜைமேல் இருக்கப் போகிற பொருள். முகத்தில் ஏழெட்டு மணி நேரம் இருக்கப் போவது மாஸ்க். நேரம் செலவழித்துத் தேட வேண்டியது அதைத்தான்.

ஒரு பழங்கதை: இந்தச் சிகிச்சையைக் காலின் சல்லிவனும் அவரோடு இருந்தவர்களும் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்து 1981-இல் வெளியிட்டார்கள். அந்த ஆரம்ப காலத்தில் மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் சிலிக்கான் பசை போட்டு மூக்கில் ஒட்டுவார்களாம், காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். பட்டை குத்துகிறதே என்று எரிச்சல் வரும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

முதலில் மூக்கைப் பாருங்கள்

மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் முன், படுக்கையில் மல்லாந்து படுத்து வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். உட்கார்ந்துகொண்டு பார்த்தால் பிரயோஜனமில்லை, படுத்தால் அடைத்துக்கொள்கிற மூக்கு நிறைய பேருக்கு உண்டு. சிரமமில்லாமல் முடிந்தால் நல்லது. முடியவில்லை என்றால், ‘நான் வாயால் மூச்சு விடுகிற ஆள், எனக்கு வாயையும் மூடுகிற பெரிய மாஸ்க்தான் சரி’ என்று உடனே முடிவெடுத்துவிட வேண்டாம். அடைப்புக்குக் காரணம் அலர்ஜியாக இருக்கலாம், மூக்குத் தடுப்பெலும்பு வளைந்திருக்கலாம், சும்மா வறட்சியாகவும் இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி அதைச் சரிசெய்துகொண்டால், உங்கள் முன்னால் இருக்கும் மாஸ்க்குகளின் எண்ணிக்கையே இரண்டு மடங்காகிவிடும்.

இன்னொன்று, சிகிச்சை இல்லாத காலத்தில் வாயைத் திறந்து தூங்கியவர்களில் சிலர், மூச்சுத் திணறியதால்தான் வாயைத் திறந்தார்கள். சிபாப் போட்டு மூச்சு ஒழுங்கானதும் சில வாரங்களில் வாய் தானாக மூடிக்கொள்வதும் நடக்கும். எல்லாருக்கும் நடக்காது, ஆனால் முயற்சி செய்யாமல் தெரியாது.

என்னென்ன வகை

நேசல் பில்லோ: இரண்டு சின்ன சிலிக்கான் குமிழ்கள், மூக்குத் துவாரங்களின் வாயில் வந்து உட்காரும். உள்ளே திணிக்கிற சமாச்சாரம் இல்லை, பலர் அப்படி நினைத்தே பயப்படுகிறார்கள். முகத்தில் படுகிற பரப்பு மிகக் குறைவு. தாடி மீசை வைத்திருப்பவர்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபடி தூங்குகிறவர்கள், முகத்தை மூடினாலே படபடப்பு வருகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம். அழுத்தம் அதிகமாக இருந்தால் மூக்குக்குள் காற்று பீய்ச்சுவதுபோல் தோன்றும், துவார ஓரம் சிலருக்குப் புண்ணாகும்.

நேசல் மாஸ்க்: மூக்கை முழுதாக மூடும் முக்கோண வடிவம். என்னுடையது இதுதான். இதிலேயே மூக்குத்தண்டுமேல் ஏறாமல் மூக்குக்குக் கீழே தொட்டில் மாதிரி தாங்குகிற வகையும் இருக்கிறது, மூக்குத்தண்டில் புண் வந்தவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

ஃபுல் ஃபேஸ் மாஸ்க்: பெயரைப் பார்த்து முகம் முழுக்க மூடும் என்று நினைக்க வேண்டாம், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும். மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கும் வாய் திறப்பது எதற்கும் கட்டுப்படாதவர்களுக்கும் இது வேண்டும். விளிம்பு நீளம் அதிகம் என்பதால் கசிவதற்கான இடமும் அதிகம். இதில் ஒரு சின்ன வால்வு இருக்கும், மின்சாரம் போய் மெஷின் நின்றுவிட்டால் அது திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். வாங்கியதும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரும்போல் இருக்கிற ராத்திரி இந்த மாஸ்க்கைப் போடவே கூடாது. தன் கையால் தானே கழற்ற முடியாத நிலையில் இருப்பவருக்கும் டாக்டரைக் கேட்காமல் மாட்டிவிடக் கூடாது.

மூக்கின் அடியையும் வாயையும் மட்டும் மூடுகிற கலப்பு வகையும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், மூக்கு ஓரளவு வேலை செய்கிறது என்றால் மூக்கு மாஸ்க்கிலிருந்தே தொடங்குங்கள். இது என் சொந்த ருசி மட்டுமில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் பொதுவாக மூக்கு வழி மாஸ்க்குகளுக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது. வாயையும் மூடும் மாஸ்க்கில் பலருக்கு அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அழுத்தம் கூடினால் கசிவும் கூடும், கசிவு கூடினால் கை பட்டைக்குப் போகும்.

அளவு எடுப்பது

பெரும்பாலான மாஸ்க்குக்கு அதைத் தயாரித்தவரே அளவுத்தாள் ஒன்று வைத்திருப்பார், அட்டையிலோ அச்சிட்டு எடுக்கிற மாதிரியோ. அதை மூக்கில் வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன். முக்கியமான விஷயம், ஒரு கம்பெனியின் ‘மீடியம்’ இன்னொரு கம்பெனியின் ‘ஸ்மால்’ ஆக இருக்கலாம். சட்டை சைஸ் மாதிரி ஒரு எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு போகாதீர்கள், மாடல் மாறினால் மறுபடி அளந்துதான் ஆக வேண்டும்.

நேசல் மாஸ்க்குக்கு மூக்கின் அகலம் பிரதானம். குஷன் மூக்கை ஒட்டி உட்கார வேண்டும், ஆனால் மூக்கு மடல்களை உள்பக்கம் நசுக்கக் கூடாது, துவாரத்தை மறைக்கவும் கூடாது. ஃபுல் ஃபேஸ் என்றால் மூக்குத்தண்டிலிருந்து கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம் வரை பார்க்க வேண்டும், அதுவும் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு. தூங்கும்போது தாடை தொங்கும், வாயை இறுக மூடிக்கொண்டு அளந்தால் ராத்திரி உதடு குஷனைத் தாண்டி வெளியே வந்து நிற்கும். பல்செட் போடுகிறவர்கள், தூங்கும்போது அதைக் கழற்றுவீர்கள் என்றால் கழற்றிவிட்டே அளந்து பாருங்கள், கன்னத்தின் வடிவமே மாறிவிடும்.

இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால்? இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல மாஸ்க்குகள் மூன்று சைஸ் குஷனோடு ஒரே பெட்டியில் வருகின்றன, வாங்கும்போது அப்படி வருகிறதா என்று கேளுங்கள். பொருந்தவில்லை என்றால் எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டு முகம் சுளிப்பை வாங்குவதைவிட அது மேல்.

படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கடையிலோ ஆஸ்பத்திரியிலோ நாற்காலியில் உட்காரவைத்து, காற்றே இல்லாமல் மாஸ்க்கை மாட்டி, கண்ணாடியைக் காட்டி ‘கச்சிதமா இருக்கு’ என்பார்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது. படுத்தால் முகத்தின் சதை பின்னால் சரிகிறது, தலையணை பட்டையைத் தள்ளுகிறது, காற்று வந்ததும் குஷன் உப்புகிறது. இந்த மூன்றும் நடந்த பிறகு இருக்கிற நிலைதான் நிஜமான பொருத்தம்.

ஆகவே முதலில் முகத்தைக் கழுவித் துடையுங்கள். கிரீம், எண்ணெய் எதுவும் குஷன் படுகிற இடத்தில் வேண்டாம், வழுக்கும், சிலிக்கானையும் கெடுக்கும். நாலு பட்டையையும் நன்றாகத் தளர்த்திவிட்டு மாஸ்க்கை மாட்டுங்கள். மெஷினைப் போடுங்கள். வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அந்தத் தலையணையில் அப்படியே படுங்கள். பல மெஷின்களில் மாஸ்க் பொருத்தம் பார்க்க என்றே ஒரு வசதி இருக்கும், அதை அழுத்தினால் கொஞ்ச நேரம் நல்ல அழுத்தத்தில் காற்று வரும், பிறகு சிரித்த முகமோ அழுத முகமோ காட்டும். அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், ஏனென்றால் தொடங்கும்போது வருகிற மெல்லிய காற்றில் எல்லா மாஸ்க்கும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். விடியற்காலை அழுத்தம் ஏறும்போதுதான் சுயரூபம் தெரியும்.

இப்போது மாஸ்க்கின் சட்டத்தைப் பிடித்து முகத்திலிருந்து ஒரு விரல் அகலம் முன்னால் இழுங்கள். குஷன் உப்பும். அப்படியே மெதுவாகத் திரும்ப வையுங்கள். அநேகமாகப் பாதிக் கசிவு இதிலேயே போய்விடும். காரணம் எளிது. நிறைய குஷன்களில் இரண்டு சுவர் இருக்கிறது, வெளிச்சுவர் கெட்டி, உள்சுவர் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. அந்த உள்சுவர் காற்றில் உப்பி, முகத்தின் மேடு பள்ளத்தில் படிந்துதான் அடைக்கிறது. பட்டையை இறுக்கினால் கெட்டிச் சுவர் அந்த மெல்லிய சுவரை நசுக்கி மடித்துவிடும், மடிந்த இடம் வாய்க்கால் ஆகிவிடும், காற்று அதன் வழியாக ஓடும். நான் இறுக்க இறுக்கக் கசிந்ததற்கு இதுதான் காரணம், குஷன் பெரியதாக இருந்தது மீதிக் காரணம்.

இன்னமும் கசிந்தால்தான் பட்டைக்கு வர வேண்டும். கீழ்ப்பட்டை இரண்டையும் ஒரே நேரத்தில், இரண்டு கையாலும், சம அளவில் கொஞ்சம் இழுத்து ஒட்டுங்கள். அப்புறம் மேல்பட்டை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணிக்கொள்ளும், உடனே மறுபக்கம் கசியும், அதை இழுப்பீர்கள், இப்படியே காலை வந்துவிடும். நெற்றித் தாங்கி இருக்கிற மாடல் என்றால் மூக்குத்தண்டின்மேல் விழும் பாரத்தை அதை வைத்துத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும், பட்டையை வைத்து அல்ல. கடைசியில் கன்னத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும்.

பிறகு இடம், வலம், மல்லாந்து மூன்று நிலையிலும் இரண்டிரண்டு நிமிடம் படுத்துப் பாருங்கள். வாயை அசைத்து, கொட்டாவி விட்டு, மறுபடி பாருங்கள்.

எது கசிவு, எது கசிவில்லை

எல்லா சிபாப் மாஸ்க்கிலும் காற்று வெளியேறத் துளைகள் வைத்திருப்பார்கள், நாம் விடுகிற கரியமில வாயு போவதற்கு. குழாய் சேருகிற முட்டியிலோ சட்டத்திலோ சின்னச் சின்னதாக இருக்கும். அது கசிவே அல்ல. அந்தத் துளைகளிலிருந்து காற்று வருகிறதே என்று டேப் போட்டு ஒட்டிய ஒருவரை எனக்குத் தெரியும், அது ஆபத்து, செய்யவே கூடாது. பக்கத்தில் படுப்பவர் மேல் அந்தக் காற்று அடிக்கிறது என்றால் முட்டியைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள், அல்லது காற்றைச் சிதறவிடும் வலை வைத்த மாடலாகப் பாருங்கள்.

நிஜமான கசிவு குஷன் விளிம்பில் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை: ஆள்காட்டி விரலை நீரில் நனைத்து, குஷன் ஓரத்தில் படாமல் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். கசிகிற இடத்தில் விரல் சில்லென்று ஆகும். எனக்கு எப்போதும் இடது கண்ணின் உள்மூலையில் ஆகும், அங்கே என் மூக்கெலும்பு கொஞ்சம் சாய்வு. மாஸ்க்கை ஒரு நூல் கீழே இறக்கினால் நின்றுவிடும். கண்ணை நோக்கி அடிக்கிற கசிவை மட்டும் சகித்துக்கொள்ளாதீர்கள், மற்ற இடத்தில் லேசாகக் கசிந்தால் மெஷின் சமாளிக்கும், கண்ணில் ராத்திரி முழுக்கக் காற்று பட்டால் காலையில் மணல் போட்டதுபோல் உறுத்தும், சிவக்கும்.

பகலில் பழகுங்கள்

முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டுத் தூங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. மற்றவர்கள், முக்கியமாக மூடினால் மூச்சு முட்டுகிறது என்று பயம் வருகிறவர்கள், மாஸ்க்கைப் படுக்கையறைக்கு வெளியே அறிமுகம் செய்துகொள்வது நல்லது. முதலில் பட்டை இல்லாமல் கையால் பிடித்து முகத்தில் வைத்துப் பாருங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்ற தைரியம் இருக்கும். அடுத்து பட்டை மாட்டி, குழாய் இல்லாமல் கொஞ்ச நேரம். அடுத்து குழாயோடு, காற்றோடு, உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு. பிறகு பகலில் ஒரு குட்டித் தூக்கம். ஒவ்வொரு படியும் சலிப்புத் தட்டுகிறவரை செய்யுங்கள், சலிப்பு வந்தால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். சிலருக்கு ஒரே மாலையில் முடிந்துவிடும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் மாஸ்க்கைக் கழற்றப் பழகுங்கள். அல்லது குழாயை மட்டும் படக்கென்று விடுவிக்கிற முட்டி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியட்டும். இருட்டில் கழற்ற முடியும் என்று கைக்குத் தெரிந்தாலே பாதி பயம் அடங்கும்.

மெஷினில் ரேம்ப் என்று ஒரு வசதி இருக்கும், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிற வசதியும் பலவற்றில் உண்டு. இரண்டையும் பற்றி டாக்டரிடமோ அமைத்துக்கொடுத்தவரிடமோ கேளுங்கள். ஆனால் ரேம்ப் மிகக் குறைவாக இருந்தால் சிலருக்குக் காற்றே போதாத மாதிரி மூச்சு முட்டும், அப்படி என்றால் ஆரம்ப அழுத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். மாஸ்க்மேல் பழி போட்ட எத்தனையோ பேருக்குப் பிரச்சினை இதில்தான் இருக்கும்.

நடுராத்திரி உங்களை அறியாமல் கழற்றிப் போட்டுவிடுவீர்கள். எல்லாரும் செய்வதுதான். விழித்தால் மறுபடி மாட்டிக்கொண்டு தூங்குங்கள், அவ்வளவுதான்.

புரண்டு படுப்பவர்கள், நீளமுடி, தாடி

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தலையணைதான் எதிரி. அது மாஸ்க்கின் ஓரத்தைத் தள்ளும். பக்கவாட்டில் வெட்டு வைத்த சிபாப் தலையணை கிடைக்கிறது, அதை வாங்கும் முன் சாதாரணத் தலையணையின் விளிம்புக்கு முகத்தை நகர்த்தி, மாஸ்க் வெளியே தொங்குகிற மாதிரி படுத்துப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும். குழாய் மூக்குக்கு முன்னால் சேருகிற மாடலில் புரளும்போது குழாய் இழுக்கும், உச்சந்தலையில் சேருகிற மாடல் அவர்களுக்கு வசதி. எந்த மாடலானாலும் குழாயைத் தலைமாட்டுக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டால் மாஸ்க்கை இழுக்காது.

நீளமுடி உள்ளவர்கள்: பின்பட்டை கொண்டைமேல் ஏறினால் மாஸ்க் முழுதும் மேலே நகரும். பிடரியில் தாழ்வாக ஒரு தளர்ந்த பின்னல் போட்டு, பட்டையை அதற்கு மேலே விடுகிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆண்கள் எழுதுகிற குறிப்புகளில் வருவதும் இல்லை.

தாடி இருந்தால் ஃபுல் ஃபேஸ் குஷன் அடைப்பது கஷ்டம். பில்லோ சுலபம். மீசை மட்டும் என்றால் ஓரத்தைக் கொஞ்சம் ஒட்ட வெட்டினாலே வித்தியாசம் தெரியும்.

காலையில் கன்னத்தில் பட்டைத் தடம் இருப்பது சாதாரணம். அரை மணி நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாமல் சிவந்தே இருந்தால், வலித்தால், தோல் உரிந்தால் பொருத்தம் தப்பு, அன்றைக்கே தளர்த்துங்கள், சைஸைத் திரும்பப் பாருங்கள். குஷனுக்கும் முகத்துக்கும் நடுவே வைக்கிற துணி உறை சிலிக்கான் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு உதவும். புண் வந்துவிட்டால் அதன்மேல் அதே மாஸ்க்கை வைக்காமல் டாக்டரிடம் சொல்லி, அந்த இடத்தில் படாத வேறு வகை ஒன்றைக் கேளுங்கள். அதனால்தான் அனுபவஸ்தர்கள் இரண்டு வகை மாஸ்க் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது தெரியாததால் சிகிச்சையே நின்றது.

வாய் காய்ந்து போகிறதா

மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தால், ராத்திரி வாய் திறந்து காற்று அதன் வழியாகப் போயிருக்கிறது. உடனே மாஸ்க்கை மாற்றாமல் வரிசையாகப் பாருங்கள். மூக்கு அடைப்பா? காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையரைக் கூட்டினால் சரியாகிறதா? அதன் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். ஈரப்பதத்தைக் கூட்டியபின் குழாயில் நீர் கோத்துக் கடகடவென்று சத்தம் வந்தால், அறை குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம், சூடேறும் குழாய் வாங்கலாம் அல்லது குழாய்க்குத் துணி உறை போடலாம். அப்புறம் வாய் திறக்காமல் பிடித்துக்கொள்கிற தாடைப் பட்டை, அது சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் ஃபுல் ஃபேஸுக்குப் போவதில் தப்பே இல்லை. வாயில் டேப் ஒட்டுகிற யோசனை இணையத்தில் சுற்றுகிறது, டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். அது அழுத்தம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், டாக்டரிடம் போங்கள், நீங்களே மெஷினின் எண்ணை மாற்ற வேண்டாம்.

மெஷின் சொல்லும் எண்கள்

காலையில் திரையில் மூன்று எண்ணைப் பார்த்தால் போதும்: எத்தனை மணி நேரம் போட்டீர்கள், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சுத் தடைபட்டது, எவ்வளவு கசிந்தது. மூச்சுத் தடை 5-க்குக் கீழே வந்தால் நல்ல நிலைமை. கசிவு விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு, சிலர் துளைகளில் போகிற காற்றையும் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் அதைக் கழித்துவிட்டுச் சொல்வார்கள். ரெஸ்மெட் கம்பெனி மெஷின்களில் கழித்துச் சொல்லப்படும், நிமிடத்துக்கு 24 லிட்டர்தான் அங்கே எல்லைக்கோடு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாஸ்க் வகையை மாற்றினால் மெஷின் அமைப்பிலும் அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசிவுக் கணக்கு தப்பாக வரும். நல்ல சேதி என்னவென்றால் வழக்கமான குழாய் வாய் 22 மில்லிமீட்டர் அளவில் பொதுவாக வைத்திருக்கிறார்கள், அதனால் ஒரு கம்பெனி மெஷினோடு இன்னொரு கம்பெனி மாஸ்க்கைப் பெரும்பாலும் சேர்க்கலாம். சில குட்டிப் பயண மெஷின்கள் மட்டும் விதிவிலக்கு.

ஒரு ராத்திரி எண் மோசமாக வந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு வாரம் தொடர்ந்து மோசம் என்றால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு மூன்று நாள் பாருங்கள். நான் ஒரே நாளில் குஷன், தலையணை, ஈரப்பதம் மூன்றையும் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் முழித்திருக்கிறேன்.

காந்தக் கொக்கி

இதை வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும். பல மாஸ்க்குகளில் கீழ்ப்பட்டை காந்தத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும், கழற்ற மாட்ட வெகு வசதி. ஆனால் பேஸ்மேக்கர், மூளையில் வைத்த உலோகக் கிளிப், காதுக்குள் வைத்த கருவி போன்றவை இருப்பவர்களுக்கு அந்தக் காந்தம் கேடு செய்யலாம். 2022-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் படுப்பவருக்கும் பார்க்க வேண்டும். காந்தம் இல்லாத கொக்கி வைத்த மாடல்கள் நிறைய இருக்கின்றன, உடம்புக்குள் ஏதாவது கருவி இருக்கிறது என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கழுவுவது, மாற்றுவது

குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில், மணமில்லாத மென்மையான சோப்பால் கழுவி நிழலில் காயவையுங்கள். சோம்பலாக இருந்தால் ஈரத்துணியால் துடைக்கவாவது செய்யுங்கள், முகத்து எண்ணெய் படிந்த குஷன் முதலில் வழுக்கும், பிறகு கெட்டிப்பட்டுப் போகும், இரண்டிலும் கசியும், கசிந்தால் நீங்கள் மறுபடி இறுக்க ஆரம்பிப்பீர்கள். ஆல்கஹால், பிளீச் வேண்டாம். பட்டையை வாரத்துக்கு ஒருமுறை கையால் அலசினால் போதும்.

நேற்றுவரை சரியாக இருந்த மாஸ்க் இன்று கசிகிறது என்றால் குஷனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மஞ்சளாகவோ, மெல்லிய உள்சுவர் சுருங்கியோ, ஓரத்தில் கீறலோ தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம். உடல் எடை கணிசமாகக் குறைந்தாலும் கூடினாலும் முகம் மாறும், அப்போது மறுபடி அளவெடுக்க வேண்டியிருக்கும்.

பட்டையை அலசக் கழற்றும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: சரியாகப் பொருந்தியிருக்கிற நிலையில் வெல்க்ரோ முனை எங்கே வந்து ஒட்டுகிறதோ அங்கே அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள், காய்ந்ததும் அதே இடத்தில் ஒட்டிவிடலாம், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். என் பட்டையில் முதல் வாரம் நான் இழுத்து இழுத்து ஒட்டிய இடம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து இன்னும் தெரிகிறது. இப்போது போட்டிருக்கிற கோடு அங்கிருந்து இரண்டு விரல் தளர்ந்து நிற்கிறது.